ஊருணிக்கரையில் மான் பார்க்க இடம் தேர்வு செய்வது எப்படி?

இராமநாதபுரம் மாவட்டத்தின் சாயல்குடி, கடலாடி வட்டாரப் பனங்காடுகளிலும் சீமைக்கருவேலப் புதர்களிலும் வாழும் புள்ளிமான்கள், கண்மாய்கள் வறண்ட பிறகு எஞ்சியிருக்கும் ஊருணித் தண்ணீரைத் தேடி வருகின்றன. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம் என்பதால், இங்கே சொல்லப்படுவது கண்ணாலும் கேமராவாலும் மானைக் காண்பதற்கு மறைவிடம் தேரும் முறை மட்டுமே. வனத்துறையின் இடமானால் அத்துறையிடமும், பட்டா நிலமானால் உரிமையாளரிடமும் முதலில் அனுமதி பெற வேண்டும்.

அசையாமல் அமர்ந்திருப்பவரை மான் பல நேரங்களில் கவனிக்காமலே போகும்; ஆனால் மனித வாசம் மூக்கில் பட்டால் முன்காலைத் தரையில் தட்டி, வாலை உயர்த்தி, கூர்மையாகக் குரல் கொடுத்து மந்தை முழுவதையும் எச்சரித்துவிடும். சித்திரை, வைகாசியில் அவ்வாறு கலைந்த மந்தை தண்ணீர் குடிக்காமலே திரும்புகிறது. வேறு தண்ணீர் தேடி ஊர்ப்பக்கம் போனால் நாய்களிடம் சிக்கிக்கொள்ளும். நாம் உட்காரும் இடத்தைக் காற்றே முடிவு செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு, படம் கிடைப்பதைவிட இதுவே பெரிய காரணம்.

முதலில் மான் வரும் பாதையைக் கண்டறிய வேண்டும். நண்பகலில், மான்கள் நிழலில் படுத்திருக்கும் நேரத்தில், கரையைத் தொலைவிலிருந்து சுற்றி வந்தால் ஈரமண்ணில் குளம்புத் தடங்களும் புழுக்கைகளும் எந்தப் பக்கம் மிகுதி என்பது தெரியும். திறந்த பொட்டலைக் குறுக்கே கடப்பதைவிட, புதரடர்ந்த ஓடை வழியாக வருவதையே அவை பெரும்பாலும் விரும்புகின்றன.

அந்தப் பாதையிலிருந்து வரும் காற்று நம் முகத்தில் பட வேண்டும். மன்னார் வளைகுடாக் கரையில் கடல் தெற்கே இருப்பதால், கோடையின் விடியற்காலையில் நிலக்காற்று வடக்கிலிருந்து மெல்ல வீசும். அப்போது ஊருணியின் தென்கரையே உரிய இடம். மாலையில் கடற்காற்று தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வருவதால் வடகரைக்கு மாறிக்கொள்ள வேண்டும். தொண்டிப் பக்கத்தில் கடல் கிழக்கே இருக்கிறது என்பதால் அங்கே இந்தக் கணக்கும் அதற்கேற்பத் திரும்பும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து ஓயாமல் அடிக்கும்போது கிழக்குக் கரையில்தான் அமர முடியும். மாலை வெயில் கண்ணில் அடிக்கும் என்பதால் அந்த மாதங்களில் காலையில் மட்டும் செல்வது நல்லது. வெளிச்சத்துக்காகக் காற்றை விட்டுக்கொடுக்கக் கூடாது. வாடைக்காற்றும் மழையும் வந்துவிட்டால் எங்கும் தண்ணீர் நிற்கும். அப்போது ஊருணிக்கரையில் காத்திருப்பதில் பயனில்லை.

நிலக்காற்று ஓய்ந்து கடற்காற்று எழுவதற்கு இடையில் காற்றே இல்லாத ஒரு பொழுது உண்டு. அப்போது நம் வாசம் நம்மைச் சுற்றியே தேங்கி, பிறகு எந்தப் பக்கமும் பரவும். வெயில் ஏறி இலை அசைவு குறையத் தொடங்கியதும் எழுந்து வந்துவிட வேண்டும்.

இந்தத் தட்டையான நிலத்தில் கண்மாய்க்கரையும் மணல்மேடும்தான் மேடுகள். அவற்றைத் தாண்டும் காற்று மறுபுறத்தில் இறங்கிச் சுழன்று பின்னோக்கித் திரும்புவதால், கரையின் அடிவாரம் நல்ல மறைவிடம் போலத் தோன்றினாலும் ஏமாற்றிவிடும். வெடித்த எருக்கங்காயின் பஞ்சை ஒவ்வோர் இழையாகப் பறக்கவிட்டுப் பார்ப்பதே நான் நம்பும் சோதனை. பத்தடி சென்று நம்மிடமே திரும்பி வந்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். பனந்தோப்பில் மரங்களுக்கு இடையே காற்று தடையின்றி ஓடும் என்பதால் திசையைக் கணிப்பது எளிது. சீமைக்கருவேலப் புதரோ தரையோரக் காற்றைத் தடுத்துத் திசைமாற்றும். ஆகவே அதன் நடுவில் நுழையாமல், விளிம்பில், முதுகுக்குப் பின்னால் புதர் இருக்கும்படி அமர்வது நல்லது.

போகும் வழியும் திரும்பும் வழியும் மான் பாதையைக் கடக்கக் கூடாது. இருட்டு விலகும் முன்பே அமர்ந்துவிட வேண்டும். மந்தை நீரருந்திக்கொண்டிருக்கும்போது எழவே கூடாது. கடைசி மானும் புதருக்குள் மறைந்த பின், வந்த வழியிலேயே திரும்பலாம்.