டெக்சஸ் உள்ளூர் தேர்தல்: சிக்கனத்தை விரும்புபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு வரவுக்குள் செலவு செய்ய வேண்டும் என்று நினைக்கும் தமிழர்கள் டெக்சஸில் நிறைய பேர் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். மாநில அரசைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. வருமான வரி கிடையாது; வரவை மிஞ்சி பட்ஜெட் போட அரசியல் சாசனமே விடாது; சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டமும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் 140 நாள்தான். கையைக் கடிப்பது பள்ளி மாவட்டமும் (ஊர்ப் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) நகரமும் கவுண்டியும் (மாநிலத்தின் உட்பிரிவு) தனித்தனியாகப் போடும் சொத்து வரி. அதைத் தீர்மானிக்கும் தேர்தலைத்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

பல ஊர்களில் நகர மன்றம், பள்ளி வாரியத் தேர்தல்கள் மே மாதம் முதல் சனிக்கிழமை நடக்கும். கூட்டம் இருக்காது. சில நூறு ஓட்டில் முடிவு மாறிவிடும். 30 நாள் முன்பே பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது என்பதால், வேட்பாளர் இதற்கு முன் எந்த பட்ஜெட்டுக்குக் கை தூக்கினார் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது, "வரி விகிதத்தை ஏற்றவே இல்லை" என்ற பேச்சை அப்படியே நம்புவது. 100 டாலர் மதிப்புக்கு 50 சென்ட் என்றால், 4 லட்சம் டாலர் வீட்டுக்கு வரி 2,000. மறுவருடம் மதிப்பீடு 4.4 லட்சம் ஆனால், அதே விகிதத்தில் 2,200. விகிதம் அசையவில்லை, பில் 10 சதவீதம் ஏறிவிட்டது! பழைய சொத்துகளிலிருந்து (போன வருடமும் வரிப் பட்டியலில் இருந்தவை) போன வருட வருமானமே வர எந்த விகிதம் போதும் என்று வரி போடும் ஒவ்வொரு அமைப்பும் கணக்கிட்டு வெளியிட வேண்டும் என்பது சட்டம். புது விகிதத்தை அதோடுதான் ஒப்பிட வேண்டும். 2019 சட்டப்படி, பெரிய நகரங்களும் கவுண்டிகளும் பழைய சொத்துகளிலிருந்து நிர்வாகச் செலவுக்கு எடுக்கும் வருமானத்தை 3.5 சதவீதத்துக்கு மேல் கூட்டினால் மக்களிடம் ஓட்டுக்கு வர வேண்டும்.

பள்ளி பாண்டு, அதாவது கடன் பத்திரம் வெளியிடப் பள்ளி மாவட்டம் மக்களிடம் ஓட்டுக் கேட்கும் விஷயத்தில், இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பிள்ளைகளுக்காக என்று கேட்டதும் ஆம் போடுகிறவர்கள், அது வட்டியோடு திருப்ப வேண்டிய கடன் என்பதை மறக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஆசிரியர் சம்பளம் கொடுக்க முடியாது. கட்டடம், பஸ், கருவிகள் மாதிரியான செலவுக்குத்தான். 'இது சொத்து வரி உயர்வு' என்று வாக்குச்சீட்டிலேயே எழுதியிருக்கும். அந்த வாசகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றுக்கும் இல்லை போடுவதும் சிக்கனம் ஆகாது. வேகமாக வளரும் ஊரில் வகுப்பறை வேண்டும். கூரையை இன்று மாற்றாவிட்டால் நாளை செலவு இரட்டிப்பாகும். பெரிய ஸ்டேடியம் தனிக் கேள்வியாகத்தான் வரும். வகுப்பறைக்கு ஆம், ஸ்டேடியத்துக்கு இல்லை என்று பிரித்துப் போடலாம்.

அப்புறம், ஓட்டு குடிமக்களுக்குத்தான்; கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்கள் வாக்காளர் பதிவுப் படிவத்தில் தெரியாமல்கூட கையெழுத்துப் போடக் கூடாது. குடியுரிமைக்கே வேட்டு வைத்துவிடும். ஆனால் வரி நீங்களும் கட்டுகிறீர்கள். பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் வரி விகிதம் குறித்த பொதுக் கூட்டம் நடக்கும். அங்கே பேசக் குடியுரிமை தேவையில்லை.