‘ஸா அத்வாகு’ பதக்கம்: பார்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

சோவியத் சிப்பாய் ஒருவரின் பழைய போட்டோ. மார்பில் வட்டமான வெள்ளிப் பதக்கம், அதன் அடியில் ‘சிசிசிபி’ என்று நான்கு எழுத்து. அப்படி ஆங்கிலமாக வாசிப்பதுதான் முதல் சறுக்கல். ரஷ்ய மொழியில் ‘சி’ போலத் தெரிவது எஸ். ‘பி’ போலத் தெரிவது ஆர். ஆக அது எஸ்எஸ்எஸ்ஆர், சோவியத் ஒன்றியத்தின் சுருக்கம். மேலே 3 விமானங்கள், கீழே ஒரு டாங்கி, நடுவில் சிவப்பு எனாமலில் ‘ஸா அத்வாகு’. துணிச்சலுக்காக என்று பொருள். விட்டம் 37 மி.மீ.

ஹிட்லர் படையெடுத்த பிறகு வந்த பதக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1938 அக்டோபர் 17-லேயே இதை நிறுவிவிட்டார்கள். சோவியத்தின் தூரக்கிழக்கு எல்லையில் உள்ள ஹசன் ஏரிப் பக்கம் ஜப்பானியரோடு மோதிய எல்லைக் காவலர்கள்தான் முதலில் பெற்றார்கள். ஆனால் பெருவாரியாக வழங்கப்பட்டது உலகப்போரின்போதுதான். 40 லட்சத்துக்கும் மேல்.

ரிப்பனில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆரஞ்சும் கறுப்பும் கலந்த பட்டை இதனுடையது அல்ல. அது 1943 நவம்பரில் வந்த ‘ஆர்டர் ஆஃப் குளோரி’க்கும், 1945-இல் வந்த ஜெர்மனி வெற்றிப் பதக்கத்துக்கும் உரியது. பின்னது வீரத்துக்கானதே அல்ல. போரில் பங்கெடுத்த சுமார் ஒன்றரைக் கோடிப் பேருக்குக் கிடைத்தது. (‘ஆர்டர்’ என்பதை ‘மகிமையின் ஆணை’ என்று மொழிபெயர்ப்பது தனிக் கூத்து. அது விருது, கட்டளை இல்லை.) நம் ‘ஸா அத்வாகு’ முதலில் சின்னச் செவ்வகக் கட்டையில் (சட்டையில் குத்தும் தகடு) சிவப்பு ரிப்பனோடு தொங்கியது. 1943 ஜூன் முதல் ஐங்கோணக் கட்டை, சாம்பல் ரிப்பன், இரு ஓரத்திலும் நீலக் கோடு. 1941-இல் வாங்கிய பதக்கம் ஐங்கோணக் கட்டையில் இருந்தால் உடனே ‘போலி’ என்று சொல்லிவிடாதீர்கள். பலருக்குப் பிற்பாடு மாற்றிக் கொடுத்தார்கள்.

அடுத்து, பின்பக்கத்து எண். அதை வைத்து யாருடையது என்று நேராகக் கண்டுபிடித்துவிடலாம் என்பது வெறும் ஆசை. எண்ணைப் பெயரோடு சேர்த்துச் சொல்வது அந்தச் சிப்பாயிடம் இருந்த விருதுப் புத்தகமும் ஆவணக் காப்பகத்துப் பதிவும்தான். வெள்ளியை உருட்டிப் பார்ப்பதை விடக் காகிதத்தைத் தேடுவது மேல் என்பது என் கட்சி. அதற்கு வழியும் இருக்கிறது: ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் ‘போத்விக் நரோதா’ என்ற இணையதளத்தில் போர்க்கால ஆவணங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. அங்கேயும் ஒரு தவறு காத்திருக்கிறது. ஒரு சிப்பாய்க்கென்று எழுதிய தனிப் பரிந்துரைத் தாளைத் தேடி, கிடைக்கவில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். 1942 நவம்பர் முதல் ரெஜிமெண்ட் (படைப்பிரிவு) தளபதியே இந்தப் பதக்கத்தைக் கொடுக்கலாம் என்றானது. அதனால் பெரும்பாலும் ரெஜிமெண்டின் உத்தரவிலேயே விஷயம் முடிந்துவிடும்: வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரி. எந்த நாள், எந்த ஊர்ப் பக்கம், குண்டுமழையில் அறுந்த டெலிபோன் கம்பியை எத்தனை இடத்தில் ஒட்டினான் என்று இருக்கும். எதிரியில் இத்தனை பேரைக் கொன்றான் என்ற கணக்கை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம், அது ஒரு தரப்பு எழுதியது.

எதிரியைச் சுட்டு வீழ்த்தினால்தான் கிடைக்கும் என்பதும் தவறு. மருத்துவ உதவியாளர்களுக்கு 1941 ஆகஸ்டிலேயே கணக்கு வைத்தார்கள். காயம்பட்ட 15 பேரைக் களத்திலிருந்து தூக்கி வந்தால் இந்தப் பதக்கத்துக்கோ, ‘போர்ப்பணி’ப் பதக்கத்துக்கோ பரிந்துரைப்பார்கள். ஆளை மட்டும் கொண்டுவந்தால் போதாது, அவருடைய துப்பாக்கியும் கூடவே வர வேண்டும்! ஒருவருக்கு ஒரு தடவைதான் என்ற விதியும் இல்லை. நான்கைந்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

சாதாரணச் சிப்பாய்க்குக் கொடுத்ததுதானே என்று மட்டமாக எடைபோடுபவர்களும் உண்டு. அதிகாரிகளும் பெற்றார்கள். ஆனால் பெரும்பங்கு சிப்பாய்களுக்கும் சார்ஜெண்டுகளுக்கும்தான் போனது. பெற்றவருக்கு மாதம் 10 ரூபிள் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது; 1948 ஜனவரி முதல் அதை நிறுத்திவிட்டார்கள்.

கடைசியாக, வாங்கும் ஆசை உள்ளவர்களுக்கு. அடியில் அந்த நான்கு எழுத்து இல்லையென்றால், அது சோவியத் உடைந்த பிறகு ரஷ்யா தொடர்ந்து வழங்கிவரும் பதிப்பு. அப்புறம், சோவியத் அரசு விருதுகளைச் சட்டவிரோதமாக வாங்குவதும் விற்பதும் ரஷ்யாவில் குற்றம். குற்றவியல் சட்டத்தின் 324-ஆம் பிரிவு. மாஸ்கோ சந்தையில் யாராவது சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினால், விலை கேட்காமல் நகர்ந்துவிடுங்கள்.