ரீஇன்ஸ்டால் செய்தும் திரும்பி வராத கான்ஃபிக் ஃபைல்: என் அனுபவம்

டெபியன் லினக்ஸ் சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள் கிளம்பவே இல்லை. பார்த்தால் அதன் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலான என்ஜின்எக்ஸ்.கான்ஃபையே காணோம். ஏதோ கிளீனப் ஸ்கிரிப்ட் அழித்திருக்கிறது. சரி, ரீஇன்ஸ்டால் செய்தால் வந்துவிடும் என்று பார்த்தால், வரவில்லை. ரிமூவ் செய்து மறுபடி போட்டும் அதே கதை. உரிய பேக்கேஜைப் பர்ஜ் செய்து, அதாவது கான்ஃபிக்கோடு சேர்த்து முழுதாக நீக்கி, மறுபடி போட்டால் வரும், ஆனால் மற்ற கான்ஃபிக் மாற்றங்களும் சேர்ந்து போய்விடும்.

விஷயம் இதுதான்: கான்ஃபிக் ஃபைலை அழித்தால், அதையும் நாம் வேண்டுமென்றே செய்த மாற்றமாகவே டெபியனின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜி மதிக்கிறது. குறித்த நேரத்தில் தானாக வேலையை ஓட்டும் ஒரு கிரான் ஃபைலை அழித்து நிறுத்தியவருக்கு அது அடுத்த அப்டேட்டில் உயிர்த்தெழக் கூடாதே! நியாயம்தான், ஆனால் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

ரீஇன்ஸ்டால் கட்டளையோடு காணாமல் போன கான்ஃபிக் ஃபைலைத் திரும்பப் போடச் சொல்லும் 'ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ்' என்ற டிபிகேஜி ஆப்ஷனைச் சேர்த்தேன். அப்போதும் வரவில்லை! அந்த ஃபைல் என்ஜின்எக்ஸ் பேக்கேஜுக்குச் சொந்தமே இல்லை, 'என்ஜின்எக்ஸ்-காமன்' பேக்கேஜுக்குச் சொந்தம். ஃபைல் அழிந்திருந்தாலும் 'டிபிகேஜி -எஸ்' (பெரிய எழுத்து எஸ்) அதன் உரிமையாளரைச் சொல்லிவிடும். காமனை அதே ஆப்ஷனோடு ரீஇன்ஸ்டால் செய்ததும் ஃபைல் வந்தது, அப்பாடா.

பிஎச்பி மொழியின் பிஎச்பி.இனி போல, டிபிகேஜிக்குப் பதில் யூசிஎஃப் என்ற தனிக் கருவி கவனிக்கும் கான்ஃபிக் ஃபைல்களுக்கு இது பலிக்காது. அங்கே 'யூசிஎஃப்_ஃபோர்ஸ்_கான்ஃப்எஃப்மிஸ்' என்ற சூழல் மாறியை 1 ஆக்க வேண்டும். 'மிஸ்'ஸுக்கு முன்னால் எஃப் இரண்டு.