மூன்று சக்கர மோட்டார் சைக்கிளை ஆயில் மாற்றத் தூக்கும் முறை

முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாகச் சக்கரங்கள் கொண்ட கேன்-ஆம் ஸ்பைடர் போன்ற வண்டியின் எடை 400 கிலோ அளவில் இருப்பதால், மட்டமான கான்கிரீட் தளத்தில் மட்டுமே அதைத் தூக்க வேண்டும். பார்க்கிங் பிரேக் பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கிறது. அச்சக்கரம் தரையை விட்டு எழும்பிய கணமே பிரேக் பயனற்றுப் போகும் என்பதால், முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டையால் அண்டை கொடுத்தாக வேண்டும். செங்கல் வேண்டாம், நொறுங்கிவிடும்.

ஜாக்கியை உரிமையாளர் கையேடு காட்டும் வண்டிச் சட்டகப் (ஃபிரேம்) பகுதியில் மட்டும் பொருத்துங்கள். உயர்த்தியபின் எடையை ஜாக்கி ஸ்டாண்டுகளின் மீது இறக்கி, வண்டியைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பார்த்து, அது ஆடவில்லை என்று உறுதியான பிறகே கையை அடியில் நீட்டலாம். ஹைட்ராலிக் ஜாக்கியின் சீல் கசிந்தால் வண்டி சொல்லாமல் இறங்கும்.

முன்சக்கரங்களை மட்டும் சாய்தளத்தில் ஏற்றுவது சுலபந்தான் என்றாலும், வண்டி பின்னோக்கிச் சாய்வதால் பழைய ஆயில் முழுவதும் வடியாமல் தங்கக்கூடும்; ஆகவே மட்டமாக உயர்த்துவதையே நான் விரும்புவேன். ஆயில் வடிக்கும் துளையை அடைத்திருக்கும் இறுகிய போல்ட்டை வெடுக்கென இழுக்காமல் நிதானமாகத் தளர்த்துங்கள். ஆயில் வடிந்ததும் அதைப் புது வாஷருடன் முடுக்கி, ஆயில் ஊற்றி, வண்டியைத் தரையில் இறக்கிய பின்னரே அளவைச் சரிபாருங்கள்.