ரங்கூன் தெருவுல நேரம் பார்த்து சாப்பிடுறது எப்படி

சென்னை பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்ட்டு பழகுனவங்க இங்க வந்து இறங்குனதும் அதே அத்தோவ தான் தேடுறாங்க. தேடாதீங்க. ஆரஞ்சு கலர் நூடுல்ஸ், பொரிச்ச வெங்காயம், தொட்டுக்க வாழைத்தண்டு சூப்புன்னு அது 1964-ல இங்க பர்மால கடையெல்லாம் அரசுடைமை ஆனப்போ சென்னைக்கு கப்பல் ஏறிப்போன நம்ம ஆளுங்க அங்க கெடச்சத வச்சு உண்டாக்குனது, இப்போ அது சென்னை சாப்பாடு. இங்க நூடுல்ஸ கையால பெசஞ்சு குடுக்குறது வேற ருசி, கடைக்கு கடை மாறும்.

இந்த ஊர்ல கடைய விட நேரம் தான் முக்கியம். மொகிங்கா சாப்பிடணும்னா காலைல சீக்கிரம் கெளம்புங்க, பத்து மணிக்கு மேல போனா நல்ல கடைல பானை காலி. கெளுத்தி மீன் வேகவச்சு உதுத்து, எலுமிச்சம்புல், வாழைத்தண்டு, கடலை மாவு போட்டு கொதிக்கிற கொழம்ப அரிசி சேமியா மேல ஊத்துவாங்க. ஊத்துறதுக்கு முன்னாடி அந்தக்கா கத்திரிக்கோல எடுத்து பேஜோவ, அதாவது மொறுமொறுன்னு பொரிச்ச பருப்பு வடைய, கிண்ணத்துக்கு மேலயே கருக் கருக்குன்னு வெட்டிப் போடும், அப்புறம் முட்டை, கொத்தமல்லி, வறுத்த மொளகா தூள். எலுமிச்சம்பழத்த நீங்களே புழிஞ்சுக்கணும், கஞ்சத்தனம் பண்ணாம புழிங்க. "மொகிங்கா தபுவே"ன்னா ஒரு பிளேட். வெல கேக்க "பெலௌலே". காசு குடுக்குறப்போ வலது கைல நீட்டி இடது கைய வலது முழங்கை கிட்ட வச்சுக்கங்க, அது இங்க மரியாதை, கடைக்கார அம்மா முகமே மாறும்.

சுத்தம் பத்தி பயப்படுறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, கூட்டம் இருக்குற கடைல கொதிக்கிறத சாப்பிடுங்க, வெட்டி வச்ச பழம் வேண்டாம்.

அடுத்து டீக்கடை, இங்க தான் நெறய நேரம் ஒதுக்கணும்னு நான் சொல்லுவேன். குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல், முட்டி நெஞ்சுக்கு வரும், பழகிடும். உக்காந்த உடனே நீங்க கேக்காமலே சமோசா, நீள பொரிச்ச மாவு எல்லாம் தட்டுல வந்துடும், ஐயோ இவ்ளோ பில்லான்னு பதறாதீங்க, எத சாப்ட்டீங்களோ அதுக்கு மட்டும் தான் காசு, மீதிய அப்படியே விடலாம். பிளாஸ்க்குல இருக்குற பச்சை டீ சும்மாவே, எத்தனை கப் வேணா. பால் டீ தான் சொல்லி வாங்கணும், சோசெய்ன்னு கேட்டா இனிப்பும் பாலும் தூக்கல், சாசெய்ன்னு கேட்டா டிகாஷன் தூக்கல், ரெண்டுலயும் டப்பா பால் தான். பையன கூப்புட ஆளுங்க உதட்ட குவிச்சு முத்தம் மாதிரி சத்தம் குடுப்பாங்க, வெளியூர்காரங்க செஞ்சா கேவலமா இருக்கும், கைய தூக்குனா போதும்.

அனோரதா ரோட்டுல காளியம்மன் கோயில் பக்கத்து கடைல உக்காந்து தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசிப்பாருங்க. பக்கத்து டேபிள் பெரியவரு லுங்கிய சரி பண்ணிக்கிட்டே "எந்த ஊரு தம்பி?"ன்னு திரும்புவாரு. சென்னைன்னு சொன்னா விடமாட்டாரு, "அது இருக்கட்டும், பூர்வீகம்?"னு அடுத்த கேள்வி வரும், ஏன்னா அவங்க தாத்தா ராமநாதபுரமோ புதுக்கோட்டையோ, அந்த கிராமத்து பேர் மட்டும் இவருக்கு மனப்பாடம், போனதே இல்ல. பேத்திய பர்மிய மொழில அதட்டிட்டு உங்க கிட்ட "சாப்டுங்க அப்பா"ம்பாரு. குடும்பம், கோயில், பீலிக்கான் ஊர் கோயில் திருவிழான்னு எத வேணா கேளுங்க. அரசியல் மட்டும் டீக்கடைல நீங்களா ஆரம்பிக்காதீங்க, நீங்க ஊருக்கு போயிடுவீங்க, அவரு இங்கயே இருக்கணும்.

சைவக்காரங்க கவனிங்க, கறி இல்லாத சாலட்லயும் காஞ்ச எறா தூள், மீன் சாஸ் இருக்கும். "தெத் தத் லு"ன்னு சொன்னா சைவம்னு புரிஞ்சுக்குவாங்க, இல்லன்னா கடலை மாவுல பண்ற ஷான் டோஃபுவ எண்ணெய்ல பொரிச்சு தர்ற கடையா பாருங்க, நம்ம பஜ்ஜிக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல.

ரோடு தாண்டுறப்போ இடது பக்கம் பாத்துட்டு கால் வைங்க. 1970-லயே வண்டியெல்லாம் வலது பக்கம் மாறிடுச்சு, ஆனா நெறய ஜப்பான் காருக்கு ஸ்டியரிங்கும் வலது பக்கமே, அதனால ஓவர்டேக் பண்றப்போ டிரைவருக்கு எதிர்ல வர்ற வண்டி சரியா தெரியாது. டாலர் கொண்டு வந்தா மடிப்பு இல்லாத புது நோட்டா கொண்டு வாங்க, கசங்குனத பாதி பேர் வாங்க மாட்டாங்க, வாங்குனாலும் ரேட் கொறப்பாங்க. கார்ட நம்பாதீங்க.

சாயங்காலம் சைனா டவுன் 19-வது தெருவுல குச்சில குத்துன கறி, மீன், காளான்லாம் நீங்களே கூடைல பொறுக்கி குடுத்தா சுட்டுத் தருவாங்க, ஆனா ராத்திரி எத்தன மணி வரைக்கும் நடமாடலாம்னு தங்குற எடத்துல அன்னன்னிக்கு கேட்டுக்கங்க.

லபெத்தோ மட்டும் மத்தியானமே முடிச்சுடுங்க. ஊறவச்ச தேயிலைய வறுத்த பருப்பு, எள்ளு, பூண்டு, பச்ச மொளகாயோட பெசஞ்சு தருவாங்க, ருசில தட்ட வழிச்சு சாப்ட்டுட்டு ராத்திரி மூணு மணிக்கு ஃபேன பாத்துக்கிட்டு கெடப்பீங்க. எங்களுக்கு அது ஒண்ணும் பண்ணாது, பொறந்ததுலேருந்து திங்குறோம்.