2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரைச் சோதித்து விலை பேசுவது எப்படி

ஓடோமீட்டரில் 2 லட்சம் கி.மீ. என்று பார்த்ததும் சிலர் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வேறு சிலர் விலை மலிவு என்று உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில், வேளைக்கு ஆயில் மாற்றி 2 லட்சம் ஓடிய இன்ஜின் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கலாம். தினமும் 3 கி.மீ. மட்டும் ஓடி, சூடேறும் முன்பே அணைக்கப்பட்ட இன்ஜின் 80 ஆயிரத்திலேயே தேய்ந்து போயிருக்கலாம். பழைய வண்டியின் உண்மையான விலையைத் தீர்மானிப்பது அடுத்த 12 மாதங்களில் அது உங்களிடம் கேட்கப்போகும் செலவுதான். அந்தச் செலவைக் கண்டுபிடிக்கத்தான் சோதனை.

ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: 'உடனே', 'ஒரு வருடத்துக்குள்', 'பொறுத்துக்கொள்ளலாம்'. கண்ணில் படும் ஒவ்வொரு குறையும் இதில் ஏதாவது ஒன்றில் ஏற வேண்டும். கையில் டார்ச், துணி சுற்றிய சிறு காந்தம், பழைய துணி, மல்டிமீட்டர், ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுகளைப் படிக்கும் கருவி), அடியில் படுத்துப் பார்க்க ஒரு அட்டை. பகல் வெளிச்சத்தில், வண்டி காய்ந்திருக்கும்போது பாருங்கள். நனைந்த பாடியில் பெயின்ட் குறைகள் தெரியாது. 2 மணி நேரம் ஒதுக்குங்கள்.

போவதற்கு முன்பே

போனிலேயே சொல்லிவிடுங்கள்: "நான் வரும் வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." டைமிங் பெல்ட் (வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து ஓடவைக்கும் பட்டை), கிளட்ச், வாட்டர் பம்ப் எப்போது மாற்றியது, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் காட்ட முடியாத வேலையை நடக்காத வேலையாகவே கணக்கில் வையுங்கள். பழைய சர்வீஸ் பில்களில் இன்னொரு பயனும் உண்டு: தேதியையும் கிலோமீட்டரையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓடோமீட்டர் பின்னால் திருப்பப்பட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். பில்லே இல்லையென்றால் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் விளிம்பு, டிரைவர் சீட்டின் கதவுப்பக்க ஓரம் மூன்றையும் பாருங்கள். மூன்றும் வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் 60 ஆயிரம் காட்டினால் மீட்டரை நம்ப வேண்டாம். பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருப்பதும் ஒரு தடயம்.

சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆவணங்களோடு ஒரு எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். நம்பர் பொறித்த இடத்தைச் சுற்றி அரைத்த தடமோ வெல்டிங்கோ தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பாடி: துருவும் விபத்தும்

பழைய காரில் இன்ஜினை மாற்றலாம், கியர் பாக்ஸை மாற்றலாம். அரித்துப்போன எலும்புக்கூட்டை மாற்ற முடியாது. கதவு விளிம்பில் கொப்புளம் போலக் கிளம்பும் துரு அழகுக்குறைதான், மூன்றாவது பத்தியில் எழுதினால் போதும். ஆபத்தான துரு இருக்கும் இடங்கள் வேறு: கதவுக்குக் கீழே ஓடும் சில், ஜாக்கி வைக்கும் இடம், பானெட்டுக்குள் ஷாக் அப்சார்பரின் தலை உட்காரும் மேடு, பின் சஸ்பென்ஷன் பாடியில் மாட்டும் இடம், கால்மிதி மேட்டுக்கு (mat) அடியில் தரைத்தகடு, ஸ்டெப்னி வைக்கும் குழி. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். திடமான தகடு 'டங்' என்று ஒலிக்கும். அரித்த தகடு மொத்தையாகச் சத்தம் தரும், சில இடங்களில் உதிரவும் செய்யும்.

இரும்புத் தகட்டில் காந்தத்தை மெதுவாக இழுத்துக்கொண்டே போனால், பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் பிடி தளரும். பெயின்ட் தடிமன் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது: தொழிற்சாலை பெயின்ட் பொதுவாக 90 முதல் 150 மைக்ரான், 250-ஐத் தாண்டினால் மறுபடி பெயின்ட் அடித்திருக்கலாம், 1000-க்கு மேல் போனால் உள்ளே பட்டி. பானெட் கீல், ஃபெண்டர் போல்ட்களின் தலையில் பெயின்ட் உடைந்திருந்தால் அது கழற்றப்பட்டிருக்கிறது. ஃபெண்டர் மாற்றியது மட்டும் பெரிய குற்றமில்லை. ஆனால் ரேடியேட்டர் தாங்கும் சட்டமும் முன்பக்கச் சேசிஸ் நீட்டமும் நெளிந்து நிமிர்த்தப்பட்டிருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் காட்டிக்கொடுப்பது சீட் பெல்ட். முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கோடோ பூஞ்சை வாசமோ இருந்தால் உஷார். சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, டேஷ்போர்டுக்கு அடியில் வண்டல் மண் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இன்று ஓடினாலும் அதன் ஒயரிங் கனெக்டர்கள் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

குளிர்ந்த இன்ஜின் சொல்லும் உண்மை

முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த பிறகு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். டைமிங் செயின் (பெல்ட்டுக்குப் பதில் சில இன்ஜின்களில் உள்ள சங்கிலி) சத்தம், வால்வ் சீல் கசிவு, ஸ்டார்ட்டிங் டிரபிள் எல்லாம் குளிர்ந்த நிலையில்தான் வெளியே வரும்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும், அது குறையல்ல. அளவு குறைந்திருப்பதுதான் குறை. ஆயில் மூடியின் அடியில் பால் கலந்தது போன்ற வெளிறிய கசடு இருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: குறைந்த தூரமே ஓடி ஈரம் தங்கியது, அல்லது ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) போனது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும், கூலன்ட்டில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா பாருங்கள். மூடியைத் திறக்கும் முன்பே ரேடியேட்டரின் மேல்பக்க ஹோஸை அழுத்திப் பாருங்கள்: இரவெல்லாம் நின்ற வண்டியில் அது கல் மாதிரி விறைப்பாக இருந்தால், சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் போகிறது என்று பொருள். இன்ஜின் முழுக்கத் தேய்த்துக் கழுவி மின்னினால் கசிவை மறைத்திருக்கலாம். ஓட்டி முடித்த பிறகு மறுபடி பாருங்கள்.

இப்போது ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். முதல் சில நொடிகள் நீலப் புகை வந்து நின்றால் வால்வ் சீல். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங், அல்லது டர்போ. வெள்ளைப் புகை குளிர்காலக் காலையில் கொஞ்ச நேரம் வருவது சாதாரண நீராவி. சூடான பிறகும் நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது. கறும்புகை என்றால் எரிபொருள் அதிகம் போகிறது: அடைபட்ட ஏர் ஃபில்டரில் தொடங்கி இன்ஜெக்டர் வரை எதுவாகவும் இருக்கலாம். டைமிங் செயின் உள்ள இன்ஜினில் ஸ்டார்ட் ஆன 2, 3 நொடிக்கு 'கடகட' என்று கேட்டால் செயின் நீண்டிருக்கலாம், அல்லது டென்ஷனர் தளர்ந்திருக்கலாம். அது மலிவான வேலையல்ல.

ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, துளைமேல் தளர்வாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை; குபுகுபுவென்று காற்றும் புகையும் தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏசியைப் போட்டு 15 நிமிடம் நிற்க விடுங்கள். ஃபேன் தானாக ஓடி நிற்க வேண்டும், வெப்பமுள் நடுவிலிருந்து நகரக்கூடாது.

வண்டி பிடித்திருந்தால், மெக்கானிக்கிடம் கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது) செய்யச் சொல்லுங்கள். பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 10 முதல் 13 பார் வரும். இந்த அளவைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்: 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால் ஸ்பார்க் பிளக் துளை வழியே ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட். ஆயில் விடும் இந்த முறை பெட்ரோலுக்கு மட்டும்.

மின்சாரம், ஸ்கேனர்

இன்ஜின் அணைந்திருக்கும்போது பேட்டரி 12.4 முதல் 12.7 வோல்ட், ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக், ஏபிஎஸ், செக் இன்ஜின் விளக்குகள் எரிய வேண்டும். ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் சோதித்து அணையும், செக் இன்ஜின் வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணையும். ஒன்று எரியவே இல்லையென்றால் அதைப் பிடுங்கியிருக்கக்கூடும். ஸ்கேனரில் கோட் (பழுதுக் குறியீடு) ஏதும் இல்லை என்றதும் நிம்மதியடைய வேண்டாம். ரெடினெஸ் மானிட்டர்களை, அதாவது வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்ற பட்டியலை, பாருங்கள். பல 'முடியவில்லை' என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்றுமுன் கோட்களை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்ப்பது

குறைந்தது 20 நிமிடம், ஆடியோவை அணைத்துவிட்டு. டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். சுழற்சி சட்டென்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. சில வண்டிகளில் கிளட்ச்சோடு இரட்டை மாஸ் ஃப்ளைவீலும் (அதிர்வைக் குறைக்கும் இரண்டடுக்குச் சக்கரம்) சேர்ந்து போகும்; செலவு வெகுவாக ஏறும், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கும்போது கரகரத்தால் சின்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒத்துப்போகவைக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் பார்க்கிலிருந்து ரிவர்ஸ் போட்டதும் ஒரு நொடிக்குள் பிடிக்க வேண்டும். தயங்கி, பிறகு உதைத்துப் பிடித்தால் விலகுங்கள்.

ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமடித்தால் 'டக் டக்' சத்தம்: வெளி சிவி ஜாயின்ட், அதாவது ஆக்சில் சக்கரத்தோடு சேரும் மூட்டு. வேகத்தோடு ஏறும் ரீங்காரம் வளைவில் மாறினால் வீல் பேரிங். பிரேக் பிடிக்கையில் ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க். வண்டியை நிறுத்தி பிரேக்கை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்கும் பாகம்), அது 'உடனே' பத்திக்குப் போகும்.

டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் அல்லது புஷ். மேடுபள்ளமாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர்.

விலைக்கு வருவது

அதே மாடல், அதே வருடம், கிட்டத்தட்ட அதே கிலோமீட்டர் ஓடிய 8, 10 வண்டிகளின் கேட்பு விலையைச் சேகரியுங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டை நீக்கிவிட்டு நடுவிலையை எடுங்கள். அது கேட்கும் விலைதான், கைமாறும் விலை அதற்குக் கீழே. பிறகு நோட்டில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் பாகம், கூலி இரண்டையும் சேர்த்து மெக்கானிக்கிடம் மதிப்பு வாங்குங்கள்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: எல்லாச் செலவையும் முழுதாகக் கழிக்கிறார்கள், விற்பவர் கோபித்துக்கொள்கிறார். இந்த வயது வண்டியில் டயரும் ஷாக் அப்சார்பரும் பாதி தேய்ந்திருக்கும் என்பது நடுவிலையிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே தேயும் பாகங்களுக்குப் பாதி, பழுதுகளுக்கு முழுத்தொகை. நடுவிலை 100 என்று வையுங்கள். நழுவும் கிளட்ச் 9, பில் இல்லாத டைமிங் பெல்ட் 6, டயர் 8-ல் பாதி 4, ஷாக் அப்சார்பர் 5-ல் பாதி 2.5. மீதி 78.5. 73-ல் பேச்சைத் தொடங்கி 78.5-ல் நின்றுவிடுங்கள். பட்டியலை விற்பவரிடமே காட்டிப் பேசலாம். வாய்ப்பேச்சைவிட அதற்கு மதிப்பு அதிகம். அவர் போட்ட ஸ்பீக்கருக்கும் புதுப் பெயின்ட்டுக்கும் கூட்டித் தர வேண்டாம். பில்லோடு சமீபத்தில் மாற்றிய கிளட்ச் இருந்தால் அதன் செலவில் பாதியைக் கூட்டுவதுதான் நியாயம்.

கழிவு மொத்தம் நடுவிலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வேறு வண்டி தேடுங்கள். எதை வாங்கினாலும் உங்கள் மொத்தப் பணத்தில் 15 சதவீதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்; பழைய வண்டியில் எந்தச் சோதனைக்கும் சிக்காத ஒரு செலவு முதல் சில மாதங்களில் வருவது வழக்கம்.

வண்டி கைக்கு வந்ததும் முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் மாற்றுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் அதை மாற்றும் வரை நெடுந்தூரம் ஓட்ட வேண்டாம்: பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி வளைத்துவிடும். பெல்ட்டோடு டென்ஷனரையும், பெல்ட் ஓட்டும் வாட்டர் பம்பானால் அதையும் சேர்த்தே மாற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி பெல்ட் கவரின் மேல் ஒட்டி வையுங்கள்.