இலை மஞ்சளானதும் உர டப்பாவைத் தேடாதீர்கள்

பெங்களூரில் வெயில் ஏறியதும் எங்கள் அடுக்ககத்தில் யாராவது ஒருவர் மஞ்சள் இலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டு வந்து நிற்பார். "இதுக்கு என்ன போடலாம்?" என்பதுதான் கேள்வி. என்ன ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை. மொட்டை மாடித் தொட்டிகளில் செடி வளர்க்கத் தொடங்கும் எல்லோரும் விழும் பள்ளம் அது. தண்ணீர் ஊற்ற மறப்பது, நிழலில் வைப்பது போன்ற சமாச்சாரங்கள் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இலையை மட்டும் பறித்துக்கொண்டு வருவது

அந்த இலை செடியில் எங்கே இருந்தது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து அதை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடி இலைகள் முதலில், முழுசாக, ஒரே சீராக மஞ்சளாகும். இரும்பை அப்படி இடம் மாற்றச் செடிக்கு வழியில்லை. அது குறையும்போது அடி இலை பச்சையாகவே இருக்க, நுனிக் கொழுந்து வெளிறும். நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். அடி இலையில் நரம்பு பச்சையாக இருந்து நடுவே மஞ்சளித்தால் மக்னீசியம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி உரச் செலவு மிச்சம்.

ஆர்ஓ கழிவுத் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றுவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி, டேங்கருக்கு வரிசை நின்ற நாட்களில் ஊரே இந்த யோசனையைச் சொன்னது: குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மெஷின், ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்குள் மூன்று லிட்டர் வரை வெளியே தள்ளும். குடிநீரிலிருந்து பிரித்த உப்பு, சுண்ணாம்பு எல்லாம் அந்தக் கழிவில்தான் போய்ச் சேரும். ஆயிரம் அடிக்குக் கீழேயிருந்து வரும் போர் தண்ணீர் ஏற்கெனவே உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கடினநீர். அதை இன்னும் அடர்த்தியாக்கிச் செடிக்குக் கொடுக்கிறோம்.

தரையில் நட்ட மரமென்றால் மழை வந்து கொஞ்சம் கழுவிவிடும். தொட்டியில் இருப்பது ஒரு வாளி மண். ஊற்றும் ஒவ்வொரு சொம்பிலும் கடினநீரில் இருக்கும் பைகார்பனேட் உப்பு சேர்ந்து, மண்ணின் காரத்தன்மை மெல்ல ஏறும். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7-ஐத் தாண்டிவிட்டால் மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கரைந்து கிடைக்காது. பெங்களூர்ச் செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பு ஆக்சைடால்தான். அந்த மண்ணிலேயே நின்றுகொண்டு எலுமிச்சையும் குண்டுமல்லியும் இரும்புக்கு ஏங்கி வெளிறுகின்றன!

கீழ்த்தளத்தில் இருக்கும் சேலத்துக்காரர் ஒருவர், பெரிய டிரம்மில் ஒட்டு எலுமிச்சை வைத்திருந்தார். கொழுந்து வெளிறியதும் நர்சரியில் கேட்டிருக்கிறார். மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைந்த டிஏபி உரம் போடச் சொன்னார்கள். போட்டார். பிறகு 19:19:19 கலப்பு உரம். பிறகு யாரோ சொன்னார்கள் என்று முட்டை ஓட்டுத் தூள், அடுப்புச் சாம்பல். "எல்லாம் போட்டுட்டேன் சார், ஏன் இன்னும் மஞ்சளாவே இருக்கு?" என்றார். கூடுதல் மணிச்சத்து இரும்பை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். முட்டை ஓடு சுண்ணாம்பு, சாம்பல் காரம். ஆர்ஓ குழாய் நேராக அந்த டிரம்முக்குள் போய்க்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு. காய்த்துக்கொண்டிருந்த மரம் நுனியிலிருந்து காய்ந்துவந்து, கடைசியில் குச்சியாகிவிட்டது. அவர் செலவழித்த உரக் காசுக்கு இரண்டு புதுக் கன்று வாங்கியிருக்கலாம்.

உங்கள் தண்ணீர் எப்படி என்று தெரிய லேப் வேண்டாம். கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிகிறதா? அதுதான் தொட்டிக்குள்ளும் படிகிறது. சாஃப்ட்னர் போட்ட அடுக்ககமென்றால் கெட்டில் பளிச்சென்று இருக்கும், ஏமாறாதீர்கள். சாஃப்ட்னர் சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தை விடுகிறது. பைகார்பனேட் அப்படியே இருக்கும். செடிக்கு அது இன்னும் மோசம்.

செய்ய வேண்டியது இதுதான். ஆர்ஓ கழிவைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செடிக்குக் காவிரித் தண்ணீர், இல்லையென்றால் மாடி மழைநீர். 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கிய பிறகு புறநகர்ப் பக்கமும் இதைச் சொல்ல முடிகிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது, அதையும் பிடியுங்கள். தொட்டியின் அடித்துளை அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்து, நல்ல தண்ணீரை மண்ணின் அளவைப் போல இரண்டு மடங்கு ஊற்றி வடிய விடுங்கள்.

உடனடி நிவாரணத்துக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), லிட்டருக்கு 5 கிராம். சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, கலக்கிய உடனே, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். முதலில் நாலைந்து இலையில் தெளித்துக் கருகவில்லை என்று பார்த்துக்கொள்வது நல்லது. (டைல்ஸில் பட்டால் துருக்கறை போகாது. வீட்டில் திட்டு வாங்குவீர்கள்.) மண்ணில் போடுவதென்றால் இடிடிஏ (EDTA) வகை இரும்பு வேண்டாம், காரமண்ணில் அது நிற்காது. இடிடிஎச்ஏ (EDDHA) என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். விலை அதிகம்தான். தண்ணீரை மாற்றாமல் அதைப் போட்டால் அந்தக் காசும் வீண்.

மஞ்சளைப் பார்த்ததும் எப்சம் சால்ட்

அது மக்னீசியம் குறைந்தால் மட்டும். வேறெதற்கும் இல்லை.

வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர்

விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் செடி வாடி, அடி இலை மஞ்சளாகி உதிர்ந்தால், வேர் மூச்சில்லாமல் அழுகத் தொடங்கியிருக்கிறது. வெறும் செம்மண்ணைத் தொட்டியில் நிரப்பினால் அது இறுகி இப்படித்தான் ஆகும்.

கழுவாத கோகோபீட்

தென்னை நார்த் தூளான இதில் உப்பு இருக்கும். ஊறவைத்து இரண்டு மூன்று முறை பிழிந்து கொட்டிவிட்டு நடுங்கள்.

இலையின் முதுகைப் பார்க்காமல் இருப்பது

பிப்ரவரி, மார்ச் வறட்சியில் ஊசி குத்தியதுபோல் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் அது சத்துக் குறைவே இல்லை. இலையைத் திருப்புங்கள். செஞ்சிலந்தி. அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே பாதி போய்விடும்.

கறிவேப்பிலைக்கு மார்கழியில் வைத்தியம்

வேண்டாம். பெங்களூர்க் குளிரில் அது மஞ்சளாகிக் கொட்டும். தண்ணீரைக் குறைத்து, உரத்தை நிறுத்திவையுங்கள், பங்குனி வாக்கில் துளிர்க்கும். சென்னையிலிருந்து வரும் அத்தை "எங்க வீட்ல இப்படி ஆனதே இல்ல" என்பார். அவர் வீட்டில் மார்கழியிலும் ஃபேன் ஓடும்.